ஜெர்சி ஜோ வால்காட்: காட்சிப் போட்டிக்கு அழைக்கப்பட்டு உலகப் பட்டத்துக்கு மோதியவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஜெர்சி ஜோ வால்காட் யார்?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த ஹெவிவெயிட் (மிகு எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர். இயற்பெயர் அர்னால்ட் ரேமண்ட் கிரீம். 1914 ஜனவரி 31 அன்று மெர்ச்சன்ட்வில் என்ற சிற்றூரில், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய ஒருவரின் மகனாகப் பிறந்தார். உலக வெல்டர்வெயிட் (இடைநிலை எடைப் பிரிவு) பட்டம் வென்ற 'பார்படாஸ்' ஜோ வால்காட் என்ற முன்னாள் வீரரின் மீதிருந்த மதிப்பினால் அந்தப் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டு, தம் மாநிலத்தை அடையாளம் காட்ட 'ஜெர்சி' என்பதை முன்னால் சேர்த்துக்கொண்டார். 1930-ல், 16 வயதில், அதே மாநிலத்தின் வைன்லாந்து நகரில் முதல் தொழில்முறைச் சண்டையில் இறங்கினார். உலகப் பட்டத்துக்காக அவர் முதன்முதலில் மேடையேறியது 1947 டிசம்பரில். இடையில் கழிந்தவை 17 ஆண்டுகள். அந்த 17 ஆண்டுகளின் தன்மையைப் புரிந்துகொள்ளாமல் 1947-ஐப் புரிந்துகொள்ள முடியாது என்பதால், இப்பக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது.

அவரை வெல்ல வாய்ப்பில்லாதவர் என்று எல்லோரும் கருதியது ஏன்?

அவருடைய பதிவேட்டில் தோல்விகள் நிறைந்திருந்தன. அவற்றில் சில, பெரிய வீரர்களிடம் பெற்ற கௌரவமான தோல்விகள்கூட அல்ல. 1936-ல் ஆல் எட்டோர் என்பவர் அவரை எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். 1940-ல் ஏப் சைமன் என்ற பேருருவம் கொண்ட வீரர் ஆறாவது சுற்றில் வீழ்த்தினார். 1947-ல் வால்காட் எதிர்கொள்ளவிருந்த உலகச் சாம்பியன் ஜோ லூயிஸ், இதே எட்டோரை 1936-லேயே ஐந்து சுற்றுகளில் முடித்திருந்தார். இதே சைமனை 1941-லும் 1942-லும் இருமுறை தோற்கடித்திருந்தார். ஆகவே காகிதத்தில் கணக்குப் போட்டவர்களுக்கு விடை எளிதாகத் தெரிந்தது: தம்மை வீழ்த்தியவர்களையே வீழ்த்திய ஒருவரின் முன்னால் வால்காட் எத்தனை சுற்றுகள் நிற்பார் என்பது மட்டுமே கேள்வி என்று அவர்கள் நினைத்தார்கள்.

வயதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உண்மையில் வால்காட் லூயிஸைவிட மூன்றரை மாதமே மூத்தவர். இருவருக்கும் அப்போது 33 வயது. ஆனால் லூயிஸின் 33 ஒரு சாம்பியனின் வயதாகவும், வால்காட்டின் 33 ஒரு முதியவரின் வயதாகவும் எழுதப்பட்டது. அவர் உண்மையான வயதை மறைக்கிறார் என்று சந்தேகப்பட்ட பத்திரிகையாளர்களும் இருந்தார்கள்.

அந்தத் தோல்விகளை நாம் எப்படிப் படிக்க வேண்டும்?

ஒரு குத்துச்சண்டை வீரரின் பதிவேடு, யாரிடம் எந்த நாளில் எத்தனையாவது சுற்றில் தோற்றார் என்பதைச் சொல்லும். அன்று காலையில் அவர் சாப்பிட்டாரா என்பதைச் சொல்லாது. வால்காட்டைப் பொறுத்தவரை இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல, அவருடைய வாழ்க்கையின் நேரடி விவரம். பதின்ம வயதிலேயே தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பை விட்டு, கேம்டன் நகரின் சூப் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். திருமணமாகி ஆறு பிள்ளைகளுக்குத் தந்தையான காலம், அமெரிக்காவின் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலமாக இருந்தது. பயிற்சிக்கு நேரமும் பணமும் இல்லாத நிலையில், யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் வராமல் போனால் அந்த இடத்தை நிரப்பும் மாற்று வீரராக, சில டாலர்களுக்காக அவர் மேடையேறினார். போதிய உணவின்றி, நாட்கணக்கில் பயிற்சியின்றிச் சண்டையிட்ட இரவுகளைப் பற்றி அவர் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். குடும்பம் அரசின் வறுமை நிவாரணத்தில் வாழ்ந்த காலமும் உண்டு. குத்துச்சண்டையை அவர் பலமுறை கைவிட்டார். உலகப் போர்க் காலத்தில் கேம்டனின் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தார்.

இன்னொரு துரதிர்ஷ்டமும் உண்டு. 1930-களின் தொடக்கத்தில் அவருக்குப் பயிற்சியளித்தவர் ஜாக் பிளாக்பர்ன் என்ற மிகச்சிறந்த ஆசிரியர். பிளாக்பர்ன் சிகாகோவுக்குச் சென்றபோது வால்காட்டும் உடன் சென்றிருக்க வேண்டும். ஆனால் டைஃபாய்டு காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. சிகாகோவில் பிளாக்பர்னின் கையில் வந்து சேர்ந்த இளைஞர் ஜோ லூயிஸ். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1936-ல், லேக்வுட் பயிற்சி முகாமில் அதே லூயிஸுக்குப் பயிற்சிச் சண்டைத் துணையாகக் கூலிக்கு வந்து நின்றார் வால்காட். அங்கு லூயிஸைக் கீழே வீழ்த்தியதால்தான் அவர் முகாமிலிருந்து அனுப்பப்பட்டார் என்றொரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அதை நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை. பதினொரு ஆண்டுகளுக்குப் பின் எல்லோர் கண்முன்னும் அவர் செய்து காட்டியதே போதுமானது.

1945-ல் என்ன மாறியது?

ஃபீலிக்ஸ் போக்கிக்கியோ என்பவர் அவருடைய மேலாளராக வந்தார். சூதாட்ட உலகத்தோடு தொடர்புடையவர் என்று அறியப்பட்டவர்தான். ஆனால் வால்காட்டின் வீட்டு நிலைமையை முதலில் கவனித்தவரும் அவரே. வீட்டுக்குத் தேவையான நிலக்கரியும் உணவும் வந்து சேர்ந்த பிறகுதான் வால்காட் மீண்டும் கையுறை அணியச் சம்மதித்தார். குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குக் கதகதப்பும் வேளாவேளைக்கு உணவும் உறுதியானதும், அதே மனிதர், அதே கைகள், வேறொரு வீரராக மாறிவிட்டன.

1945 ஆகஸ்டில் கேம்டனில் ஜோ பாக்ஸியை வென்றார். அடுத்து லீ ஓமா, ஜிம்மி பிவின்ஸ், டாமி கோமஸ் ஆகியோரையும் வென்றார். 1946-ல் ஜோய் மாக்ஸிமிடமும் எல்மர் ரேயிடமும் புள்ளிகளில் தோற்றார். 1947-ல் அந்த இருவரையுமே மறுபடி சந்தித்து வென்று கணக்கைத் தீர்த்தார். இரண்டாண்டுகளில் சேர்ந்த இந்தப் பெயர்கள் அவரைத் தரவரிசையில் முன்னுக்குக் கொண்டுவந்தன. எனினும் மக்கள் நினைவில் இருந்தவர் ஏப் சைமனிடம் விழுந்த வால்காட்தான்.

காட்சிப் போட்டி எப்படி உலகப் பட்டப் போட்டியாக மாறியது?

1937 முதல் சாம்பியனாக இருந்த ஜோ லூயிஸ், 1946 செப்டம்பரில் டாமி மோரியெல்லோவை முதல் சுற்றிலேயே வீழ்த்திய பிறகு ஓராண்டுக்கும் மேலாகப் பட்டத்துக்காகச் சண்டையிடவில்லை. சவால்விடத் தகுந்தவர் என்று மக்கள் நம்பும் ஒருவரும் மிச்சமில்லை. ஆனால் லூயிஸுக்குப் பணம் தேவைப்பட்டது. வரித்துறைக்கு அவர் பெருந்தொகை கடன்பட்டிருந்தார். 1942-ல் இரண்டு பட்டப் போட்டிகளின் வருமானத்தைப் படையினரின் நல நிதிகளுக்கு வழங்கிய மனிதர் அவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்வதே நியாயம்.

ஆகவே பட்டத்தைப் பணயம் வைக்காமல், நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் பத்துச் சுற்றுகள் கொண்ட ஒரு காட்சிப் போட்டி நடத்தத் திட்டமிட்டார்கள். அதற்கு எதிராளியாக வேண்டியவர், பெயர் ஓரளவு தெரிந்தவராக இருக்க வேண்டும், சாம்பியனுக்குத் தீங்கு செய்யக்கூடியவராக இருக்கக் கூடாது. வால்காட் அந்த அளவுகோலுக்குப் பொருந்துவதாக அவர்கள் எண்ணினார்கள். ஆனால் அம்மாநிலத்தில் குத்துச்சண்டையை ஒழுங்குபடுத்தும் நியூயார்க் மாநிலத் தடகள ஆணையம் குறுக்கிட்டது. இருவரும் ஹெவிவெயிட் வீரர்கள், சண்டை முறையானது, பார்வையாளர்கள் பணம் கொடுத்து வருகிறார்கள் என்றால், அது 15 சுற்றுகள் கொண்ட பட்டப் போட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை அது எடுத்தது. ஆக, வால்காட்டுக்கு உலகப் பட்ட வாய்ப்புக் கிடைத்தது அவருடைய திறமைக்கான பரிசாக அல்ல; ஆபத்தற்றவர் என்ற மதிப்பீட்டின் மேல் ஒரு விதி வந்து விழுந்ததனால்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீண்டகாலம் போராடிய வீரருக்கு எதிர்பாராமல் பட்ட வாய்ப்பு வந்தது என்று படிக்கும்போது, யாரோ மனமிரங்கிக் கதவைத் திறந்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. பெரும்பாலும் நடப்பது வேறு. மூத்த வீரரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அவரிடம் முடிந்துபோன ஒருவரைப் பார்க்கிறார்கள். அவர் தயாராக இருக்கிறாரா என்று அவர்கள் பார்ப்பதில்லை. அந்தக் கவனக்குறைவுதான் அவருக்குக் கிடைக்கும் ஒரே சலுகை.

1947 டிசம்பர் 5 இரவு நடந்தது என்ன?

பந்தயம் கட்டுவோர் லூயிஸுக்கு ஆதரவாக பத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருந்தார்கள். அரங்கில் 18,000-க்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். லூயிஸின் எடை ஏறத்தாழ 96 கிலோ, வால்காட்டின் எடை 88 கிலோ. லூயிஸுக்கு இது 24-ஆவது பட்டக் காப்புச் சண்டை.

முதல் சுற்றிலேயே வால்காட்டின் வலது கை லூயிஸைக் கீழே சாய்த்தது. லூயிஸ் உடனே எழுந்துவிட்டார். பலரும் அதைத் தற்செயல் என்றே எடுத்துக்கொண்டார்கள். நான்காவது சுற்றில் அதே வலது கை மறுபடியும் அவரைச் சாய்த்தபோது, எண்ணிக்கை ஏழு வரை சென்ற பின்னரே லூயிஸ் எழுந்தார். அதன் பிறகு தற்செயல் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. சுற்றுக்குச் சுற்று வால்காட் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தார், லூயிஸ் துரத்திக்கொண்டே இருந்தார். ஆனால் துரத்தியவரின் முகம்தான் வீங்கியது. லூயிஸின் புகழ்பெற்ற இடது ஜேப் (கையை நேராக நீட்டி விடும் விரைவான குத்து) சென்று சேர்வதற்குள் அங்கிருந்த தலை நகர்ந்திருந்தது. பல சுற்றுகளில் சாம்பியன் தம் வலது கையை வீசுவதற்கே தயங்கியதை இன்றும் படச்சுருளில் காணலாம்.

15 சுற்றுகள் முடிந்து மணி அடித்ததும், தீர்ப்பு அறிவிக்கப்படும் முன்பே லூயிஸ் கயிறுகளைத் தாண்டி மேடையை விட்டு வெளியேற முயன்றார். அவருடைய ஆட்கள் அவரைப் பிடித்து உள்ளே நிறுத்தினார்கள். தாம் தோற்றுவிட்டதாக அவர் நினைத்தார் என்பதே அப்போது பார்த்தவர்கள் பலரின் கருத்து. தோல்வியை ஒப்புக்கொண்டு வெளியேற முயன்றவரின் கையே சில நிமிடங்களில் உயர்த்தப்பட்டது.

தீர்ப்பு எப்படி வழங்கப்பட்டது? உண்மையில் வென்றவர் யார்?

அக்கால நியூயார்க் முறையில் ஒவ்வொரு சுற்றையும் வென்றவர் யார் என்று மூவர் தனித்தனியே குறித்துக்கொள்வார்கள். அதிகச் சுற்றுகளை வென்றவரே வெற்றியாளர். அந்த மூவரில் ஒருவர் மேடைக்குள் நிற்கும் நடுவர். நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன், வால்காட்டுக்கு 7 சுற்றுகள், லூயிஸுக்கு 6, சமம் 2 என்று குறித்தார். மேடைக்கு வெளியே அமர்ந்திருந்த ஃபிராங்க் ஃபோர்ப்ஸ் லூயிஸுக்கு 8, வால்காட்டுக்கு 6, சமம் 1 என்றார். மற்றவரான மார்ட்டி மன்ரோ லூயிஸுக்கு 9, வால்காட்டுக்கு 6 என்றார். இருவருக்கு ஒருவர் என்ற பிளவுபட்ட தீர்ப்பில் லூயிஸ் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அரங்கமே கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தது. மேடையருகே அமர்ந்திருந்த பத்திரிகையாளர்களில் பெரும்பாலோர் வால்காட்டே வென்றதாக எழுதினார்கள்.

என் கருத்தில் வால்காட்தான் வென்றார். இரண்டு வீழ்த்தல்களை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை; சுற்றுகளை எண்ணும் முறையில் ஒரு வீழ்த்தலும் ஒரு நூலிழை முன்னிலையும் ஒரே மதிப்புடையவை, அதுவே அம்முறையின் பெரிய குறை. சண்டையின் இடைவெளியையும் வேகத்தையும் பெரும்பாலான சுற்றுகளில் தீர்மானித்தவர் வால்காட் என்பதே என் வாதம். முன்னேறி வருபவர்தான் சண்டையை நடத்துகிறார் என்று கண் ஏமாறுவது எளிது. முன்னேறுபவர் எங்கே முன்னேற வேண்டும் என்பதை எதிரில் இருப்பவர் முடிவுசெய்யும்போது, அந்த முன்னேற்றத்துக்கு மதிப்பெண் தருவது சரியல்ல. மேடைக்குள் இருந்து மிக அருகில் பார்த்த ஒரே மனிதரான கோல்ட்ஸ்டீன் வால்காட்டின் பக்கம் நின்றதை இத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

கடைசிச் சுற்றுகளில் அவர் ஓடி ஒளிந்ததால்தானே தோற்றார்?

இந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. நன்றாக முன்னிலையில் இருக்கிறாய், ஆபத்தைத் தேடிக்கொள்ளாதே என்று அவருடைய மூலையில் இருந்தவர்கள், அதாவது அவருடைய பயிற்சிக் குழுவினர், அறிவுறுத்தினார்கள். அவரும் கடைசிச் சுற்றுகளில், குறிப்பாக 15-ஆவது சுற்றில், மோதலைத் தவிர்த்து நழுவிக்கொண்டே இருந்தார். சாம்பியனிடமிருந்து பட்டத்தைப் பறிக்க வந்தவர் ஐயத்துக்கு இடமின்றி வெல்ல வேண்டும் என்ற எழுதப்படாத எதிர்பார்ப்பு அக்காலத்தில் வலுவாக இருந்தது. அந்த எதிர்பார்ப்பை அவருடைய மூலை கணக்கில் எடுக்காமல் விட்டது பெரும் பிழை. ஆனால் அந்தச் சுற்றுகளை லூயிஸுக்குக் கொடுத்துவிட்டாலும்கூட முந்தைய சுற்றுகளின் கணக்கு மாறிவிடாது. மேலும், பத்தாண்டுகளாக யாராலும் தோற்கடிக்கப்படாத, எந்த நொடியிலும் ஒரே குத்தில் சண்டையை முடிக்கக்கூடிய ஒருவரின் முன்னால் 14 சுற்றுகள் நின்ற பின் எச்சரிக்கையாக இருந்ததைக் கோழைத்தனம் என்று அழைப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

மறுபோட்டி நடந்ததா?

நடந்தது. 1948 ஜூன் 25 அன்று, மழையால் தள்ளிப்போன பிறகு, யாங்கி ஸ்டேடியத்தில். மூன்றாவது சுற்றில் வால்காட் மீண்டும் லூயிஸை வீழ்த்தினார். அதன் பின் சண்டை மந்தமானது. இருவரும் காத்திருந்தார்கள், நடுவரே தலையிட்டு வேகத்தைக் கூட்டச் சொல்ல வேண்டியிருந்தது. 11-ஆவது சுற்றில் லூயிஸ் ஒரு வலது கையால் அவரைத் தடுமாறச் செய்து, தொடர் குத்துகளால் வீழ்த்தினார். இம்முறை தீர்ப்பில் ஐயமில்லை. 1949 மார்ச் 1 அன்று லூயிஸ் ஓய்வை அறிவித்தார்.

ஒரே வீரருக்கு ஐந்து பட்ட வாய்ப்புகள் எப்படிக் கிடைத்தன?

1947-ன் தீர்ப்பே அதற்கு முதற்காரணம். அவர் அநியாயமாகத் தோற்கடிக்கப்பட்டார் என்ற பொதுக்கருத்து, வெற்றி தந்திருக்கக்கூடிய மதிப்பின் ஒரு பகுதியையாவது அவருக்குத் தந்தது. லூயிஸ் விட்டுச்சென்ற இடத்துக்காக 1949 ஜூன் 22 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க்கில் எஸ்ஸார்ட் சார்ல்ஸுடன் மோதி 15 சுற்றுகளில் புள்ளிகளில் தோற்றார். 1951 மார்ச் 7 அன்று டெட்ராய்ட்டில் அதே சார்ல்ஸிடம் அதே விதமாக மறுபடி தோற்றார்.

இடைப்பட்ட காலத்தில் ஸ்டாக்ஹோமில் ஓலே டாண்ட்பெர்க்கையும், ஜெர்மனியின் மான்ஹைமில் ஹைன் டென் ஹோஃபையும் வென்றார். 1950-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஹெரால்ட் ஜான்சன் என்ற திறமைமிக்க இளைஞரை மூன்றாவது சுற்றில் வீழ்த்தினார். ஹெரால்டின் தந்தை ஃபில் ஜான்சனும் குத்துச்சண்டை வீரரே. அவரை 1936-ல் அதே நகரில், அதே மூன்றாவது சுற்றில் வீழ்த்தியவரும் இதே வால்காட்தான். அவர் எவ்வளவு நீண்ட காலம் இத்தொழிலில் இருந்தார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி வேறில்லை. அதே 1950-ன் இறுதியில் ரெக்ஸ் லேன் என்ற இளைஞரிடம் தோற்றதும், அவருடைய காலம் முடிந்தது என்று மறுபடியும் எழுதினார்கள்.

டெட்ராய்ட் தோல்விக்கு நான்கே மாதங்களில் ஐந்தாவது வாய்ப்பு வந்தபோது பத்திரிகைகள் அதை வரவேற்கவில்லை. இரண்டு முறை தோற்கடித்தவரையே மூன்றாவது முறையும் எதிரே நிறுத்துவது சார்ல்ஸுக்கு எளிதான வேலை கொடுப்பது என்றே கருதப்பட்டது. முதல் வாய்ப்பைப் போலவே ஐந்தாவதும் அவர் ஆபத்தற்றவர் என்ற நம்பிக்கையினால் வந்தது.

1951-ல் பிட்ஸ்பர்க்கில் நடந்தது என்ன?

ஜூலை 18, ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் பேஸ்பால் மைதானம். முதல் ஆறு சுற்றுகளில் வால்காட் முந்தைய இரண்டு சண்டைகளைவிடத் துணிவாக, நெருங்கிச் சண்டையிட்டார். ஏழாவது சுற்று தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில், சற்றே தாழ்ந்து, ஓர் அடி முன்வைத்து, கீழிருந்து மேலாக வரும் ஓர் இடது ஹூக்கை, அதாவது முழங்கையை மடக்கி வீசும் குத்தை, சார்ல்ஸின் தாடையில் செலுத்தினார். சார்ல்ஸ் முகம் குப்புற முன்னால் விழுந்தார். எழ முயன்று, பாதியில் உருண்டு, எண்ணி முடிக்கும்போது தரையிலேயே இருந்தார்.

வால்காட்டுக்கு அப்போது 37 வயது. அதுவரை அந்த வயதில் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றவர் யாருமில்லை. அவருடைய வலது கையைத்தான் எல்லோரும் அஞ்சினார்கள். முடித்ததோ இடது கை. புள்ளிக்கணக்குத் தேவைப்படாத, யாருடைய தாளையும் நம்பியிருக்காத வெற்றி. 1947-ன் இரவுக்குப் பின் அவருக்கு வேறு எந்த விதமான வெற்றியும் பொருத்தமாக இருந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவருடைய சண்டை முறையில் அப்படி என்ன சிறப்பு?

அவர் மேடையில் நடப்பார். வீரர்கள் பொதுவாகக் காலை ஊன்றி, தோளை எதிராளியை நோக்கி வைத்து நகர்வார்கள்; வால்காட் சண்டையிலிருந்து விலகிப் போவதைப் போலத் தோளைத் திருப்பி, கைகளைத் தாழ்த்தி, சாதாரணமாக இரண்டு மூன்று அடி பக்கவாட்டில் நடந்து செல்வார். எதிராளி அந்த ஒரு கணத்தில் தளர்வார், அல்லது பின்தொடர்ந்து அடி எடுத்து வைப்பார். அந்த அடி தரையில் பதியும் முன்பே வால்காட் திரும்பி வலது கையை வீசியிருப்பார். லூயிஸ் விழுந்த குத்துகளுக்கும் இந்த நடைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இம்முறை ஒரு பயிற்சிக்கூடத்தில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது மட்டுமல்ல. பாதி வயிற்றோடும் போதிய பயிற்சியின்றியும் சண்டையிட வேண்டிய ஒருவர், மூச்சைச் செலவிடாமல் பத்துச் சுற்றுகளைக் கடக்க ஏதேனும் வழி கண்டுபிடித்தாக வேண்டும். அவருடைய சிக்கனமான அசைவுகளில் அந்தக் காலத்தின் தடம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பட்டத்தை எவ்வளவு காலம் வைத்திருந்தார்?

14 மாதங்கள். 1952 ஜூன் 5 அன்று ஃபிலடெல்ஃபியாவில் சார்ல்ஸை நான்காவது முறையாகச் சந்தித்துப் புள்ளிகளில் வென்றார். செப்டம்பர் 23 அன்று அதே நகரில், தோல்வியே அறியாத ராக்கி மார்சியானோ எதிரே வந்தார். முதல் சுற்றிலேயே வால்காட்டின் இடது ஹூக் மார்சியானோவை அவருடைய வாழ்க்கையில் முதன்முறையாகத் தரையில் வீழ்த்தியது. 12 சுற்றுகள் முடிவில் மூவரின் தாள்களிலும் வால்காட்டே முன்னிலையில் இருந்தார். 13-ஆவது சுற்றில், கயிற்றோரத்தில், மார்சியானோவின் குறுகிய வலது கை ஒன்று அவருடைய தாடையில் இறங்கியது. இடது கை கயிற்றில் சிக்கியபடி அவர் மெல்லச் சரிந்தார். 38 வயதில் அவர் நடத்திய அந்தச் சண்டை, தோல்வியாக இருந்தும், அவருடைய வெற்றிகள் பலவற்றைவிட உயர்ந்தது.

1953 மே 15 அன்று சிகாகோவில் நடந்த மறுபோட்டி முதல் சுற்றிலேயே முடிந்தது. அத்தோடு அவர் ஓய்வு பெற்றார்.

ஜேம்ஸ் பிராடக், சக் வெப்னர் ஆகியோரோடு இவரை ஒப்பிடலாமா?

ஓரளவுக்கு. 1935-ல் மாக்ஸ் பேரை வென்ற பிராடக்கும் நியூ ஜெர்சிக்காரரே. துறைமுகத்தில் கூலி வேலை பார்த்து, அரசு நிவாரணம் பெற்றுக் குடும்பத்தைக் காத்தவர். ஆனால் அவருக்கு ஒரே வாய்ப்பில் நீதி கிடைத்தது. 1975-ல் முகமது அலியை எதிர்த்த வெப்னரும் நியூ ஜெர்சிக்காரர்தான். 36 வயதில் 15-ஆவது சுற்றின் கடைசி நொடிகள் வரை நின்றார், வெல்லவில்லை. வால்காட் இவ்விருவருக்கும் நடுவில் நிற்கிறார். கறுப்பின வீரர் என்பதால் அவருக்கு இருந்த தடை மற்ற இருவருக்கும் இல்லாதது. 1915-ல் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு, 1937-ல் லூயிஸ் வெல்லும் வரை, 22 ஆண்டுகள் கறுப்பின வீரர் எவருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே தரப்படவில்லை. வால்காட் சண்டையிடத் தொடங்கிய 1930-ல் அந்தக் கதவு முழுவதுமாக மூடியிருந்தது.

ஓய்வுக்குப் பின் என்ன செய்தார்?

நடுவராகப் பணியாற்றினார். 1965-ல் லூயிஸ்டன் நகரில் அலியும் சன்னி லிஸ்டனும் மோதிய குழப்பமான மறுபோட்டியின் நடுவர் அவர்தான். வீழ்ந்த லிஸ்டனின் மேல் நின்று கத்திக்கொண்டிருந்த அலியை ஒதுக்குவதில் கவனம் செலுத்தியதால் எண்ணிக்கையைத் தவறவிட்டார் என்ற விமர்சனம் அவர்மீது விழுந்தது. 1970-களின் தொடக்கத்தில் கேம்டன் மாவட்டத்தின் ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் நியூ ஜெர்சி மாநிலத் தடகள ஆணையத்தின் தலைவராக 1984 வரை இருந்தார். ஒருகாலத்தில் சில டாலர்களுக்காகப் பயிற்சியின்றி மேடையேறிய மனிதர், யார் மேடையேறத் தகுதியுள்ளவர் என்று முடிவுசெய்யும் பொறுப்பில் அமர்ந்தார். 1994 பிப்ரவரி 25 அன்று 80-ஆவது வயதில் கேம்டனில் காலமானார்.

அவருடைய வயதுச் சாதனை இன்றும் நிலைத்திருக்கிறதா?

இல்லை. அவர் மறைந்த அதே ஆண்டு நவம்பர் 5 அன்று, 45 வயதான ஜார்ஜ் ஃபோர்மன், மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தி அதை முறியடித்தார்.

அவருடைய சண்டைகளில் எதை முதலில் பார்க்கலாம்?

1951-ன் ஏழாவது சுற்றிலிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள். நான் 1952-ன் மார்சியானோ சண்டையை முழுவதுமாகப் பார்க்கச் சொல்வேன். அதில் அவர் முன்னேறியும் பின்வாங்கியும், நெருங்கியும் விலகியும், தம்மிடம் இருந்த எல்லாவற்றையும் காட்டுகிறார். அதற்குப் பிறகு 1947-க்குத் திரும்பி, ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வென்றவரின் பெயரை நீங்களே குறித்துக்கொண்டு பாருங்கள். வர்ணனையின் ஒலியை நிறுத்திவிடுவது நல்லது. சாம்பியனின் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்பது கண்ணையும் சாய்த்துவிடும்.